போகாங் அந்துப்பூச்சி எங்கே வாழ்கிறது?

உங்கள் கேள்வி இது: "போகாங் அந்துப்பூச்சி ஆஸ்திரேலியாவின் மலைக் குகைகளில் வாழ்வது என்று ஒரு இடத்தில் படித்தேன். இன்னொரு இடத்தில் அதையே வயலில் பயிரை வெட்டும் புழு என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?"

இரண்டுமே சரிதான். ஒரே பூச்சி புழுவாகச் சமவெளி வயலில் வளர்கிறது, கோடை முழுவதையும் மலைக் குகையில் தூங்கிக் கழிக்கிறது, முட்டையிட மறுபடி சமவெளிக்கே வருகிறது. நடுவில் உள்ள தூரம் சிலவற்றுக்கு 1,000 கிலோமீட்டர் வரை போகும். அதனால் இந்தப் பூச்சிக்கு ஒரே ஒரு முகவரி கொடுக்க முடியாது. வயல், குகை, இடையில் உள்ள ராத்திரி வானம் மூன்றும் சேர்ந்ததுதான் அதன் வாழிடம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அண்மைக் காலத்தில் இந்தப் பூச்சிக்கு நேர்ந்த கதி, அது எங்கே வாழ்கிறது என்று புரிந்தால்தான் புரியும்.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். அறிவியல் பெயர் அக்ரோடிஸ் இன்ஃபூசா. இறக்கையை விரித்தால் 4 முதல் 5 சென்டிமீட்டர், எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். முன் இறக்கை அடர் பழுப்பு. அதில் கருத்த பட்டை ஒன்று ஓடும், அந்தப் பட்டைக்கு நடுவே வெளிறிய இரண்டு புள்ளிகள், ஒன்று வட்டமாக, இன்னொன்று சிறுநீரக வடிவில். பின் இறக்கை வெளிறிய பழுப்பு. பார்த்ததும் 'அடடா' என்று நிற்க வைக்கும் அழகு கிடையாது. சுவரில் உட்கார்ந்திருந்தால் பலரும் கவனிக்காமல் போய்விடுவார்கள்.

சரி, சமவெளியிலிருந்து ஆரம்பிக்கலாம். தெற்குக் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குச் சரிவுகளும் சமவெளிகளும், மேற்கு விக்டோரியா ஆகியவைதான் முக்கியமான பிறப்பிடங்கள். காய்ந்தால் வெடித்துத் தானே பொலபொலவென்று உதிரும் கரிசல் வகைக் களிமண் இந்தப் பகுதிகளில் நிறைய உண்டு. புழுவுக்கு அந்த மண் ஏற்றது, பகலில் எளிதாக உள்ளே புதைந்து கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் தாய்ப்பூச்சி முட்டையிடுகிறது. ஒரு பூச்சி 2,000 முட்டை வரை இடக்கூடியது. அங்கே குளிர்காலம் என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதங்கள்தான் புழு வளரும் காலம். மேய்ச்சல் நிலத்தில் குளிர்கால மழைக்கு முளைக்கும் அகன்ற இலைச் செடிகளை அது தின்கிறது. கோதுமை, பட்டாணி போன்ற பயிர் அருகில் இருந்தால் அதையும் விடுவதில்லை. ராத்திரியில் மண்ணிலிருந்து மேலே வந்து இளஞ்செடியைத் தரையோடு வெட்டிவிடுவதால்தான் விவசாயிகள் அதை வெட்டுப்புழுக் கணக்கில் சேர்க்கிறார்கள். நீங்கள் படித்த இரண்டாவது தகவல் இதுதான். முழு வளர்ச்சியில் புழு 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பிறகு மண்ணுக்குள்ளேயே சிறு அறை கட்டிக் கூட்டுப்புழு ஆகி, வசந்தத்தில் பூச்சியாக வெளியே வரும்.

வந்ததும் அங்கேயே இனப்பெருக்கம் செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஆனால் சமவெளியில் அடுத்து வருவது கோடை. வெயில் கடுமையாகும். புழுவுக்கு உணவான அகன்ற இலைச் செடிகள் காய்ந்து புல் மட்டும் மிஞ்சும். அப்போது முட்டையிட்டால் பொரிக்கும் புழுவுக்குச் சோறு இல்லை. எனவே இனப்பெருக்கத்தை அடுத்த இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, அதுவரை குளிர்ச்சியாக ஒளிந்திருக்க இடம் தேடிக் கிளம்புகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும்கூட இந்த இனம் உண்டு, காற்றில் அடித்துக்கொண்டு போய் நியூசிலாந்தில் இறங்கியதும் உண்டு. ஆனால் பெரும் வலசை என்றால் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் நடப்பதைத்தான் சொல்கிறோம்.

செப்டம்பர் முதல் பூச்சிகள் ராத்திரி ராத்திரியாகப் பறக்கத் தொடங்கும். போகும் இடம் ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் எனப்படும் மலைத்தொடர். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,228 மீட்டர் காசியஸ்கோ அங்கேதான் இருக்கிறது. விக்டோரியா பக்கத்தில் 1,986 மீட்டர் உயரத்தில் இந்தப் பூச்சியின் பெயரையே தாங்கி நிற்கும் மவுண்ட் போகாங், கான்பராவுக்குப் பக்கத்தில் 1,857 மீட்டர் மவுண்ட் ஜிஞ்சரா. குயின்ஸ்லாந்தில் பிறந்தது தெற்கே பறக்க வேண்டும், மேற்கு விக்டோரியாவில் பிறந்தது கிழக்கே பறக்க வேண்டும். எந்தத் திசை என்று சொல்லிக் கொடுக்க யாரும் கிடையாது. பெற்றோர் முட்டையிட்டு மாதங்களுக்கு முன்பே செத்துவிட்டன. கூட்டிலிருந்து வெளிவந்த அந்தப் பூச்சி மலையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வழி பிறவியிலேயே வருகிறது.

எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரன்ட் குழுவினர் செய்த வேலைதான் எனக்கு இந்தப் பூச்சியின் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி. பறந்து கொண்டிருக்கும் பூச்சியைப் பிடித்து, அதன் முதுகில் மெல்லிய டங்ஸ்டன் கம்பியை ஒட்டி, ஒரு சிறு உருளைக்குள் தொங்க விடுவார்கள். பூச்சி இறக்கை அடித்துப் பறக்கும், விரும்பிய பக்கம் திரும்பும், ஆனால் இடத்தை விட்டு நகராது. அது எந்தத் திசைக்கு முகம் திருப்புகிறது என்பதைக் கருவி பதிவு செய்யும். 2018இல் வெளியான ஆய்வில், சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்துக் காந்தப்புலத்தைத் திருப்பினார்கள். கூடவே மலையைப் போன்ற ஒரு கரிய முக்கோண உருவத்தையும் கண்ணுக்குக் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் பூச்சியும் அந்தப் பக்கமே திரும்பியது. ஒன்றை மட்டும் திருப்பி இரண்டுக்கும் முரண்பாடு ஏற்படுத்தினால், சில நிமிடங்களில் பூச்சிக்குத் திசை குழம்பிவிட்டது. அதாவது பூமியின் காந்தப்புலத்தையும் கண்ணில் படும் அடையாளத்தையும் அது ஒன்றோடு ஒன்று சரிபார்த்துக் கொண்டே போகிறது.

2025இல் நேச்சர் இதழில் வந்த அடுத்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த முறை காந்தப்புலத்தையே இல்லாமல் செய்துவிட்டு, பூச்சியின் தலைக்கு மேலே ராத்திரி வானத்தை மட்டும் திரையிட்டுக் காட்டினார்கள். வசந்தத்தில் பிடித்தவையும் இலையுதிர் காலத்தில் பிடித்தவையும் அந்தந்தப் பருவத்தில் போக வேண்டிய திசையில் பறந்தன. வானத்தை 180 பாகை சுழற்றினார்கள், பூச்சிகளும் நேர் எதிர்ப்பக்கம் திரும்பிப் பறந்தன. விண்மீன்களை இடம் மாற்றிக் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டியதும் திசை தெரியாமல் போனது. ஆக, அது வெளிச்சத்தை மட்டும் பார்த்துப் போகவில்லை, வானம் அமைந்திருக்கும் விதத்தைப் படிக்கிறது. மேகம் மூடிய இரவில் காந்தப்புலத்தை வைத்துச் சமாளிக்கிறது. வானத்தின் சுழற்சிக்குத் துலங்கும் நரம்பணுக்களைப் பூச்சியின் மூளையிலேயே கண்டார்கள். பூச்சி தெற்குப் பக்கம் முகம் வைத்திருக்கும்போது அவை மிக வலுவாகத் துலங்கின. சாண வண்டு பால்வெளியைப் பார்த்து நேர்கோட்டில் உருட்டிக் கொண்டு போவது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் அது போவது கொஞ்ச தூரம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வலசைக்கு விண்மீன்களைத் திசைகாட்டியாகக் கொள்வதாக நிரூபிக்கப்பட்ட முதல் முதுகெலும்பற்ற உயிர் போகாங் பூச்சிதான்.

மலைக்கு வந்த பிறகு நடப்பதை ஆஸ்திரேலியப் பூச்சியியல் அறிஞர் இயன் காமன் 1950களில் மவுண்ட் ஜிஞ்சராவில் உட்கார்ந்து பொறுமையாகக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். பெரிய கருங்கல் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் இடங்களில் இருட்டும் குளிர்ச்சியும் ஈரமும் உள்ள குகைகளும் இடுக்குகளும் இருக்கும். முதலில் வரும் பூச்சிகள் மிக இருண்ட, மிக ஆழமான வெடிப்பில் தலையை நுழைத்து, முன்னங்கால்களால் பாறையைப் பற்றிக் கொள்ளும். அடுத்து வருபவை, முன்னால் இருப்பதன் இறக்கைக்கும் வயிற்றுக்கும் கீழே தலையைச் செருகிக் கொள்ளும். பின்னங்கால்கள் தனக்குப் பின்னால் இருப்பதன் முதுகில் கிடக்கும். இப்படியே வரிசை மேல் வரிசையாக, ஓடு வேய்ந்தது போலச் சுவர் முழுக்க மூடிவிடும். எந்தப் பூச்சியின் கண்ணிலும் வெளிச்சம் படாது, எதன் உடலிலிருந்தும் ஈரம் சீக்கிரம் போகாது. ஒரு சதுர மீட்டர் பாறையில் சுமார் 17,000 பூச்சிகள் என்று காமன் கணக்கிட்டார்.

இதை வெறும் தூக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கோடையைக் கடப்பதற்கான நீண்ட உறக்கம் இது. உடம்பின் இயக்கம் மிகக் குறைந்திருக்கும், இனப்பெருக்க உறுப்புகள் வளராமல் நிற்கும். வரும் வழியில் பூந்தேன் குடித்துச் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் மாதக்கணக்கில் காலம் ஓட வேண்டும். அந்தி நேரத்தில் ஒரு பகுதி எழுந்து குகை வாசலைச் சுற்றிப் பறந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும். மீதியெல்லாம் அசையாது. பனி உருகி வெப்பம் ஏற ஏற, கீழே உள்ள பாறைகளிலிருந்து இன்னும் உயரமான பாறைகளுக்கு மாறிக் கொள்ளும். பிப்ரவரியில் கிளம்ப ஆரம்பித்து ஏப்ரல் வாக்கில் மலையைக் காலி செய்துவிடும். வந்த வழியே சமவெளிக்குப் போய், இணைசேர்ந்து, முட்டையிட்டு, சாகும்.

இப்படி ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கோடிப் பூச்சிகள் மலைக்கு வந்திருக்கின்றன. கொழுப்பு நிறைந்த இத்தனை உடல்கள் வந்து சேர்ந்தால், மலையில் உள்ள உயிர்கள் சும்மா இருக்குமா? அண்டங்காக்கைகள் கூட்டமாக வரும். நரி வரும். குகைத் தரையில் விழுந்து குவியும் பூச்சி உடல்களுக்கு நடுவே இரண்டு வகை நூற்புழுக்கள் வாழ்கின்றன. உறங்கும் பூச்சியின் உடலுக்குள் புகுந்து வளர்வதுதான் அவற்றின் பிழைப்பு.

ஆனால் இந்தப் பூச்சியை எல்லாரையும் விட அதிகமாக நம்பியிருப்பது மலைப் பிக்மி போசம். சுமார் 45 கிராம் எடையுள்ள, வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் சிறு விலங்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லுயிரியல் அறிஞர் ராபர்ட் புரூம் இதைப் புதைபடிவமாகத்தான் விவரித்தார். அழிந்துபோன இனம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1966இல் மவுண்ட் ஹாத்தம் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் உயிரோடு ஒன்று அகப்பட்டது. பனிக்காலம் முழுக்கப் பனிக்கு அடியில், பாறைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் உறங்கும். வசந்தத்தில் பசியோடு எழுந்ததும் இணைசேர்ந்து குட்டி போடும். சரியாக அந்த நேரம்தான் போகாங் பூச்சிகள் மலைக்கு வந்து இறங்குகின்றன. பெண் போசங்கள் உயரமான, பூச்சி அதிகம் சேரும் பாறைக் குவியல்களைப் பிடித்துக் கொள்வது இதனால்தான். பால் சுரக்கத் தேவையான கொழுப்பு தொலைதூர வயலில் விளைந்து, பறந்து, தானாக வாசலுக்கு வருகிறது.

மனிதர்களும் இந்தப் பூச்சிக்காக மலையேறியிருக்கிறார்கள். கோடையில் சுற்றுவட்டாரத்துப் பழங்குடி மக்கள் பல குழுக்களாக மலையடிவாரத்தில் கூடுவார்கள். விருந்து, சடங்கு, பண்டமாற்று, திருமணப் பேச்சு எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆட்கள் மேலே ஏறி, பாறை இடுக்கிலிருந்து பூச்சிகளைச் சேகரித்து, சூடான சாம்பலிலோ மணலிலோ புரட்டி இறக்கையும் காலும் உதிர்ந்ததும் சலித்துச் சாப்பிடுவார்கள். அரைத்து அடையாகத் தட்டியும் வைத்துக் கொள்வார்கள். கிழக்கு விக்டோரியாவில் குனைகுர்னை பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த சிறு அரைகல்லில் இந்தப் பூச்சியின் எச்சம் ஒட்டியிருந்தது, வயது ஏறக்குறைய 2,000 ஆண்டுகள். குடியேறிகள் வந்து நிலத்தைப் பறித்த பிறகு 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கூடல்கள் நின்றுபோயின. பூச்சி மட்டும் வந்து கொண்டிருந்தது.

வயலும் குகையும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தவை என்பதற்கு ஒரு கசப்பான சாட்சியும் உண்டு. 2000ஐ ஒட்டிய ஆண்டில் மலையில் ஒரு குகைக்கு வெளியே புல் கருகிக் கிடந்தது. பெருமழை குகைக்குள்ளிருந்த பூச்சி உடல்களை அடித்து வெளியே கொண்டு வந்து போட்ட இடம் அது. சோதித்தால் ஆர்செனிக் என்ற நச்சு. ஒரு பூச்சியில் இருப்பது மிகமிகக் கொஞ்சம்தான். ஆனால் சமவெளி மண்ணிலிருந்து ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சுமந்து வந்து, ஆயிரக்கணக்கில் ஒரே குகையில் செத்துக் குவிந்தபோது, புல்லையே கொல்லும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. பூச்சியைத் தின்னும் பாலூட்டிகளின் கழிவிலும் ஆர்செனிக் தெரிந்தது. தேசியப் பூங்காவின் உச்சியில் ஒரு புல்தரை செத்தது, அதற்குக் காரணம் எங்கோ கீழே இருந்த நிலம்.

இனி நான் முதலில் சொன்ன கதிக்கு வருகிறேன். 1980களிலிருந்தே எண்ணிக்கை மெல்லக் குறைந்து வந்தது. 2017 முதல் 2019 வரை பூச்சி பிறக்கும் சமவெளிகளைக் கொடிய வறட்சி தாக்கியது. குளிர்கால மழை இல்லை, செடி முளைக்கவில்லை, புழுவுக்கு உணவில்லை. அடுத்தடுத்து வந்த வசந்தங்களில் மலைக்கு வந்த பூச்சி ஏறக்குறைய ஒன்றுமில்லை. 99.5 சதவீதம் வீழ்ச்சி என்பது மதிப்பீடு. சுவர் தெரியாமல் மூடிக் கிடந்த குகைகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பூச்சிகள் இருந்தன. பிக்மி போசங்களைக் கண்காணித்தவர்கள் கண்டது அதைவிட வேதனை: பல தாய்களின் பைக்குள்ளேயே குட்டிகள் செத்துக் கிடந்தன. பிறகு 2019-20 கோடையின் பெருந்தீ மலையின் பெரும்பகுதியை எரித்தது. தீயில் தப்பிய போசங்களுக்காகப் பூச்சியின் சத்துக்கு ஈடாகப் பிஸ்கட் தயாரித்துப் பாறைகளுக்கு நடுவே வைத்தார்கள். 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போகாங் பூச்சியை அருகிவரும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. மழை திரும்பியதும் எண்ணிக்கை ஓரளவு எழுந்திருக்கிறது. பழைய அளவுக்கு அல்ல.

குகைகள் பெரும்பாலும் தேசியப் பூங்காக்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அந்த வறட்சி ஆண்டுகளில் குகைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாறை அப்படியே இருந்தது, குளிர்ச்சி இருந்தது, போசம் காத்திருந்தது. வர வேண்டிய பூச்சிதான் பிறக்கவே இல்லை. பிறக்கும் இடமோ கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமும், பல தனியார் கைகளில் இருப்பது. அங்கே அது பயிர்ப்பூச்சி, யாரும் அதற்காக வேலி போட்டுக் காப்பாற்றப் போவதில்லை. ஒரு உயிர் எங்கே வாழ்கிறது என்று கேட்டு, அழகாக இருக்கும் பாதியை மட்டும் வரைபடத்தில் பச்சையடித்தால் என்ன நடக்கும் என்பதை போகாங் பூச்சியில் பார்த்தாகிவிட்டது. அதனால்தான் குகையில் வாழ்வது என்று மட்டும் எழுதுகிறவர்களிடம் எனக்கு வருத்தம்.

மூன்றாவது வீடான ராத்திரி வானத்துக்கும் கேடு உண்டு. பறக்கும் வழியில் கான்பரா இருக்கிறது, மேற்குக் காற்று அடித்தால் சிட்னிக்கும் தள்ளிவிடும். நகர விளக்குகளில் சிக்கிச் சுற்றிச் சுற்றி அங்கேயே தங்கிவிடும். 1988இல் திறந்த கான்பராவின் நாடாளுமன்றக் கட்டடம் மேட்டில் பிரகாசமாக நிற்பதால் பெருங்கூட்டத்தை இழுத்தது, காக்கைகளுக்கு அது விருந்தானது. 2000 சிட்னி ஒலிம்பிக்கின்போது அரங்க விளக்குகளுக்கும் கூட்டமாக வந்தன. விக்டோரியா உயிரியல் பூங்கா அமைப்பு வசந்த மாதங்களில் தேவையில்லாத வெளி விளக்குகளை அணைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்கிறது. வறட்சியைத் தனி ஆள் தடுக்க முடியாது, விளக்கை அணைக்க முடியும் என்பதால் அந்த வேண்டுகோள் எனக்குச் சரியாகவே படுகிறது.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வாசல் விளக்கடியில் பழுப்புப் பூச்சி ஏதாவது உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு வெளிறிய புள்ளிகளைத் தேடிப் பாருங்கள். இருந்தால் படம் எடுத்து, அதே அமைப்பு நடத்தும் 'மாத் டிராக்கர்' இணையதளத்தில் இடத்தோடு பதிவு செய்யலாம். எந்த வாரம் எந்த ஊர் வழியாக எவ்வளவு பூச்சி போகிறது என்பதை ஆய்வாளர்கள் அதிலிருந்து பார்க்கிறார்கள். படம் எடுத்த பிறகு விளக்கை அணைத்துவிடுங்கள், அது கிளம்பிவிடும். மலையில் நடக்கப் போகிறவர்கள் கோடையில் பாறைக் குகைக்குள் டார்ச் அடித்து உள்ளே போகாமல் இருந்தால் நல்லது. கலைத்து எழுப்பினால், மாதக்கணக்கில் ஓட வேண்டிய கொழுப்பைப் பறந்தே தீர்த்துவிடும்.